மலையகப் பாடசாலைகளில் தொழிற்கல்வித் திட்டம் வகுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் தொழிற்கல்வி பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களே எழுகின்றன. பெற்றோரும் அதிபர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதமாகவே கீழே தொகுத்திருக்கிறேன். விடைகள், இடைநிலை மாணவருக்கென ஒரு தொழிற்கல்வித் திட்டத்தைத் தம் பாடசாலையிலோ தோட்டத்திலோ வகுக்க முனைவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

தொழிற்கல்வின்னா ஓ.எல். பெயிலான பிள்ளைகளுக்குத்தானே சார்?

இல்லை. இலங்கைப் பாடசாலைகளில் இக்கல்வி தரம் 6இலேயே செயன்முறைத் தொழில்நுட்பத் திறன்கள் என்னும் பாடத்தோடு தொடங்கிவிடுகிறது. சாதாரண தரத்தில் (ஓ.எல்., தரம் 10, 11) கட்டட நிர்மாணம், இயந்திரம், மின் இலத்திரனியல், விவசாயமும் உணவுத் தொழில்நுட்பமும், மனைப்பொருளியல் போன்ற பாடங்கள் உள்ளன. உயர் தரத்தில் (தரம் 12, 13) 2013 முதல் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. இவற்றோடு, 13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் கீழ் 2017இல் 42 பாடசாலைகளில் முன்னோடியாக ஆரம்பிக்கப்பட்ட தொழிற்கல்விப் பிரிவும் உண்டு.

இந்தக் கடைசிப் பிரிவில் சேர்வதற்குச் சாதாரண தரப் பெறுபேறு தடையாக இருக்கக் கூடாது என்று வகுத்தார்கள். அதையே ‘பெயிலானவர்களின் வகுப்பு’ என்று நாம் புரிந்துகொண்டுவிட்டோம். படிப்பில் பின்தங்கியவர்களையும் குழப்படி செய்பவர்களையும் மட்டும் அங்கே அனுப்பும் பாடசாலையில், எவ்வளவு நல்ல திட்டம் வகுத்தாலும் அது நிலைக்காது. கணிதத்தில் நன்றாகச் செய்யும் ஒரு பிள்ளை மின்னியலை விரும்பித் தெரிவு செய்யும்போது அப்பிள்ளையை அதிபர் மறிக்காமல் இருப்பதே திட்டத்தின் மதிப்பைப் பெற்றோருக்குக் காட்டும் முதல் சான்று.

எல்லாரும் என்.வி.கியூ., என்.வி.கியூ.ன்னு சொல்றாங்க. அது சர்டிபிகேட்டா, கோர்ஸா?

அது ஒரு பயிற்சிநெறியின் பெயர் அன்று. தேசிய தொழில் தகைமை எனப்படும் ஏழு மட்டங்கள் கொண்ட அளவீடு அது. 1 முதல் 4 வரையிலான மட்டங்கள் சான்றிதழ்கள், 5உம் 6உம் டிப்ளோமாக்கள், 7ஆம் மட்டம் பட்டம். மேற்பார்வை இல்லாமல் தனித்து வேலை செய்யக்கூடியவர் என்பதை 4ஆம் மட்டம் குறிக்கிறது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இந்த முறைமைக்குப் பொறுப்பாக இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, தொழில்நுட்பக் கல்லூரிகள், தனியார் நிலையங்கள் என எங்கே பழகினாலும் அளவுகோல் ஒன்றுதான்.

திட்டம் வகுப்பவர் முதலில் கேட்க வேண்டியது இதுவே: நாம் நடத்தப்போகும் பயிற்சி இந்த ஏணியின் எந்தப் படியில் போய் முடிகிறது? எந்தப் படியிலும் முடியாத மூன்று மாத வகுப்பும் அதன் முடிவில் படம் பிடித்துக் கொடுக்கும் சான்றிதழும் மலையகத்தில் நிறையவே உண்டு. வேலை தேடிப் போகும் பிள்ளை அதை நீட்டும்போது, எதிரே இருப்பவர் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. பதிவு செய்யப்பட்ட நிலையமா, அங்கீகாரம் பெற்ற பயிற்சிநெறியா என்பதை ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்க ஸ்கூல்ல நாலு தையல் மெஷின் சும்மா கெடக்கு. அத வச்சே ஒரு கோர்ஸ் தொடங்கிரலாமா?

இருக்கும் பொருளிலிருந்து திட்டம் வகுப்பதுதான் நம்மிடையே மிகப் பரவலாக உள்ள பிழை. மெஷின் இருக்கிறது, ஆகவே தையல். நன்கொடையாளர் கணினி தந்தார், ஆகவே கணினி. இப்படித் தொடங்கிய வகுப்பு, பழகிய பிள்ளை எங்கே போய் வேலை செய்வாள் என்ற கேள்வியைக் கடைசியில்தான் சந்திக்கிறது. அப்போது விடை இருப்பதில்லை.

வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பாடசாலையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஹட்டன் என்றால் நகரக் கடைத்தெரு, கராஜ்கள், தேயிலைத் தொழிற்சாலைகள், கினிகத்தேனை வரையிலான கட்டட வேலைத்தளங்கள், மஸ்கெலியாப் பக்கத்து விடுதிகள் என்று அது விரியும். ஒவ்வோர் இடத்திலும் முதலாளியிடம் மூன்று கேள்விகள் போதும்: கடைசியாக யாரை வேலைக்கு எடுத்தீர்கள், அவரிடம் என்ன திறமை குறைவாக இருந்தது, அடுத்த வருடம் எத்தனை பேர் வேண்டும். ‘தொழிற்கல்விக்கு ஆதரவு தருவீர்களா’ என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். அந்த விடையால் பயனில்லை. இதற்கு ஆசிரியர் இருவரும் சில பிற்பகல்களும் தேவை, பணம் தேவையில்லை. இந்த விசாரிப்புக்குப் பிறகும் தையல் வேலைக்கு இடம் இருப்பது தெரிந்தால், அந்த நான்கு மெஷின்களையும் தூசு தட்டி எடுக்கலாம்.

அப்ப எந்தத் தொழிலத்தான் தெரிவு செய்றது? பிள்ளைக எல்லாம் கம்ப்யூட்டர்தான் வேணும்னு கேக்குதுக.

கணினி எல்லாத் தொழிலுக்கும் வேண்டிய கருவி. அதை எல்லாப் பயிற்சியிலும் சேர்க்க வேண்டும். ஆனால் தட்டச்சும் அட்டவணையும் மட்டும் பழகிய பிள்ளைக்கு அதனால் ஒரு தொழில் கைக்கு வந்துவிடாது. மென்பொருள் எழுதவோ வன்பொருள் திருத்தவோ முழுமையாகப் பழக்கக்கூடிய ஆசிரியர் கிடைத்தால் மட்டுமே அதைத் தனித் தொழிலாகத் தெரிவு செய்யுங்கள்.

மலைப்பகுதியில் நான் முன்னுரிமை கொடுப்பது கட்டட வேலைக்கு. மேசன், வயரிங், குழாய் பொருத்துதல், மரவேலை ஆகிய நான்கும் இதில் அடங்கும். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் தோட்டங்களுக்கு முதலில் 4,000 வீடுகளும், பின்னர் 2017இல் நோர்வூட் கூட்டத்தில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் என்று லயங்களை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) விட்டு வெளியேறும் காலம் தொடங்கியிருக்கிறது. கட்டும் வேலை முடிந்தாலும் அந்த வீடுகளுக்கு அறை கூட்டுவதும் கூரை மாற்றுவதும் மின் இணைப்பைத் திருத்துவதும் தொடரும். எல்ல, நுவரெலியா, பண்டாரவளைப் பகுதிகளில் விருந்தோம்பல் தொழில் உண்டு. சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் கிளைப் பாடசாலை ஒன்று பண்டாரவளையிலேயே இருப்பதால் மேற்படிப்புக்கும் வழியிருக்கிறது. முச்சக்கரவண்டியும் மரக்கறி லொறியும் ஓடும் எந்த ஊரிலும் வாகனம் திருத்துபவருக்கு வேலை உண்டு. வெலிமடை, நுவரெலியா மரக்கறிகளைப் பதப்படுத்துவதும் பாற்பொருள் உற்பத்தியும் கவனிக்கத்தக்கவை.

ஒரே பாடசாலையில் ஐந்து தொழில்களைத் தொடங்காதீர்கள். ஒன்றைச் சரியாக நடத்திக் காட்டினால் மற்றதை அடுத்த பாடசாலை எடுத்துக்கொள்ளும்.

நாங்கதான் தேயிலையில கஷ்டப்பட்டோம். எங்க பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லிக்குடுக்கப் போறீங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரின் கோபம் நியாயமானது. அதை அறியாமை என்று தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை. பேர் போடுவதும் (நாள் வேலையைப் பதிவதும்) கொழுந்து நிறுப்பதும் கூலி வெட்டுவதுமாகத் தலைமுறை தலைமுறையாகப் போன வாழ்விலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவரத்தான் அவர்கள் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். தோட்டப் பாடசாலைகளில் பல 1970களில்தான் அரசின் கைக்கு வந்தன என்பதையும், அதற்கு முன் தோட்டத்துக்கு வேண்டிய அளவு எழுத்தறிவே அங்கே போதுமெனக் கருதப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்த்தால் அச்சத்தின் வேர் விளங்கும்.

நாடு முழுவதற்குமான ஒரு பாடமும் இங்கே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களை அறிமுகப்படுத்தியது. அந்தந்தப் பகுதியின் தொழிலை அந்தந்தப் பாடசாலை கற்பிக்க வேண்டும் என்பது எண்ணம். கருத்தில் நல்லதாக இருந்தும் 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அது கைவிடப்பட்டது. மீனவரின் பிள்ளை மீன்பிடியையும் விவசாயியின் பிள்ளை விவசாயத்தையும் படிக்க, நகரத்துப் பிள்ளை மட்டும் வைத்தியராக வேண்டுமா என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்திடம் திருப்தியான பதில் இருக்கவில்லை.

ஆகவே என் விடை இது. தேயிலையை விலக்க வேண்டியதில்லை, ஆனால் எந்தப் பாடசாலையிலும் அது ஒரே தெரிவாக இருக்கக் கூடாது. தேயிலைத் துறைக்குள்ளும் மலையில் கொழுந்து பறிப்பதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தொழிற்சாலையில் வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல் ஆகிய ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பமும் ஈரப்பதனும் பார்க்கத் தெரிந்தவர், இயந்திரம் பராமரிப்பவர், தரம் பிரிப்பவர் என்று திறன்மிக்க வேலைகள் இருக்கின்றன. தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் அந்த வேலைகளுக்குப் போகிறார்களா, மீண்டும் கூடையோடு மலைக்குத்தான் போகிறார்களா என்பதே உரைகல்.

பாடத்திட்டத்த நாங்களே எழுதலாமா?

முழுவதும் புதிதாக எழுதாதீர்கள். பெரும்பாலான தொழில்களுக்குத் தேசியத் தேர்ச்சி நியமங்கள் ஏற்கெனவே உள்ளன. ஒரு தொழிலாளி என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், எந்த அளவுக்குச் செய்தால் தேர்ச்சி என்பன அலகு அலகாக அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. அதைவிட்டு விலகினால், மேலே இரண்டாம் விடையில் சொன்ன ஏணியை விட்டே விலகிவிடுவோம்.

உள்ளூர் ஆசிரியரின் வேலை, அந்த நியமத்துக்குள் மலையகத்துக்கு வேண்டியதை நிரப்புவது. மேசன் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். சமதரையில் சுவர் எழுப்பப் பழகியவருக்கு இங்கே வேலை பாதிதான் தெரியும். சரிவை வெட்டி வீடு கட்டும்போது தாங்குசுவரின் அடித்தளம் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், சுவரின் பின்புறம் கல்லும் சல்லியும் எப்படி நிரப்ப வேண்டும், மழைநீர் தேங்கிச் சுவரைத் தள்ளிவிடாதபடி வடிதுளைகள் எங்கே வைக்க வேண்டும், கூரைத் தண்ணீரை எந்தக் கானுக்குள் கொண்டுபோய் விட வேண்டும் என்பவையெல்லாம் மண்சரிவு நடக்கும் ஊரில் உயிர் காக்கும் பாடங்கள். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் தயாரித்த வரைபடங்களை வகுப்பில் விரித்து, மாணவர் தத்தம் தோட்டத்தை அதில் கண்டுபிடிக்கச் சொல்லலாம். இப்படி ஊரின் தேவையைப் பாடமாக்குவதற்கு, அனுபவமுள்ள இரண்டு மூன்று பாஸ்மாரை (கைதேர்ந்த தொழிலாளரை) உட்காரவைத்து அவர்களுடைய ஒருநாள் வேலையைக் காலையிலிருந்து மாலைவரை சொல்லச் சொல்லி, வரிக்கு வரி எழுதிக்கொள்வதே சிறந்த வழி.

டீச்சருக்குத் தொழில் தெரியாது, பாஸுக்குப் பாடம் எடுக்கத் தெரியாது. யார வச்சு நடத்துறது?

இருவரையும் சேர்த்தே நடத்துங்கள். அளவை, கணக்கு, பாதுகாப்பு, வரைபடம் வாசித்தல் ஆகியவற்றை ஆசிரியர் எடுக்க, கைவேலையை பாஸ் காட்டட்டும். பாஸ்மாரில் பலரிடம் சான்றிதழ் இருக்காது. அது தடையாக வேண்டியதில்லை. முன்பே பெற்ற திறனை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமை வழங்கும் வழி இருக்கிறது. பாடசாலை முன்வந்து அவரை அந்த மதிப்பீட்டுக்கு அனுப்பிவைத்தால், ஊருக்கு ஒரு தகைமையுள்ள போதனாசிரியர் கிடைப்பார், அவருக்கும் நியாயமான கொடுப்பனவு கேட்க ஓர் ஆதாரம் கிடைக்கும்.

ட்ரெய்னிங்னு அனுப்பினா டீ ஊத்தவும் கூட்டவும்தான் வச்சிருக்காங்க. அதுல என்னா படிப்பு இருக்கு?

ஒன்றும் இல்லை. எழுத்து உடன்பாடு இல்லாமல் ஒரு மாணவரையும் வேலைத்தளத்துக்கு அனுப்பக் கூடாது. எந்தெந்த அலகுகளைப் பழக்குவார்கள், யார் பொறுப்பு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கொடுப்பனவு எவ்வளவு, விபத்து நேர்ந்தால் காப்புறுதி யாருடையது என்பவை அதில் இருக்க வேண்டும். மாணவர் நாட்பதிவேடு எழுதி, பொறுப்பாளர் வாரந்தோறும் கையொப்பமிட வேண்டும். முதல் இரு வாரங்களுக்குள் ஆசிரியர் ஒருமுறையாவது அறிவிக்காமல் போய்ப் பார்க்க வேண்டும். பிழையான இடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையை அந்தக் கட்டத்தில்தான் மாற்ற முடியும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. 18 வயதுக்குட்பட்டோரை அபாயகரமான வேலைகளில் ஈடுபடுத்துவதற்குத் தடை உண்டு. தரம் 12, 13 மாணவரில் பலர் இந்த வயதெல்லைக்குள் வருவதால், உயரத்தில் ஏறுவது, இயந்திரம் இயக்குவது, மின்சாரத்தில் கைவைப்பது போன்ற எதையும் உடன்பாட்டில் சேர்க்குமுன் தொழில் அலுவலகத்தில் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோர்ஸெல்லாம் சிங்களத்துலதான் நடக்குது. எங்க பிள்ளைக பின்னால ஒக்காந்து முழிச்சுக்கிட்டு வருதுக.

தமிழ்மொழியில் போதனாசிரியர் பற்றாக்குறை என்பது மலையகத்தின் மிகப் பெரிய குறை. அதற்குப் பதில், பிள்ளை சிங்களம் படித்துக்கொண்டு வரட்டும் என்பதல்ல. கோட்பாடும் பாதுகாப்பு விதிகளும் தாய்மொழியில் விளங்க வேண்டும், மதிப்பீடும் தமிழில் நடக்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் அவரையும் செலவுத் திட்டத்தில் சேருங்கள்.

அதேவேளை, கண்டியிலோ கொழும்பிலோ வேலைத்தளத்தில் பேச வேண்டியது சிங்களமே. ஆகவே பேச்சுச் சிங்களத்தைத் தனிப் பாடமாக இல்லாமல் பட்டறைக்குள்ளேயே கற்பிக்கலாம். கருவிகளின் பெயரை மும்மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டி, வாரத்தில் ஒருநாள் பட்டறை முழுவதும் சிங்களத்திலேயே பேசிப் பழகுவது இலகுவான ஏற்பாடு. ஹோட்டல் தொழிலுக்கு ஆங்கிலமும் இதே முறையில்.

பொம்பளப் பிள்ளைகள அனுப்பப் பயமா இருக்கு.

பயத்தைக் குறைப்பது பேச்சு அல்ல, ஏற்பாடு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இறங்கும் இடத்திலிருந்து லயத்துக்கு எவ்வளவு தூரம் இருட்டில் நடக்க வேண்டும், வேலைத்தளத்தில் பூட்டக்கூடிய கழிப்பறை உண்டா, ஒரே இடத்துக்கு இரண்டு பிள்ளைகளாவது சேர்ந்து போக முடியுமா என்று பார்த்து நேரசூசியை அதற்கேற்ப அமைக்க வேண்டும். தாய்மாரை முதல் நாளே அந்த இடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

பெண்பிள்ளை என்றால் தையல், அழகுக்கலை என்று முன்கூட்டியே ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. மின்னியல், உணவுத் தொழில்நுட்பம், தேயிலைத் தரக்கட்டுப்பாடு ஆகியவற்றில் அவர்கள் தயங்காமல் சேரும்படி விண்ணப்பப் படிவத்திலும் விளம்பரப் படத்திலும்கூடக் கவனம் வேண்டும்.

ரெண்டு வருசம் படிக்கிற நேரத்துல கொழும்புல கடையில நின்னா மாசாமாசம் சம்பளம் வருமே?

வரும். அதை மறைத்துப் பேசினால் பெற்றோர் நம்பமாட்டார்கள். வீட்டில் அடகுச் சீட்டும் கடைக்கடனும் இருக்கும்போது, பதினாறு வயதுப் பையனின் சம்பளம் எவ்வளவு பெரியது என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும். கடையில் நிற்பவருக்குப் பத்து வருடம் கழித்தும் கடைச்சம்பளமே, தொழில் தெரிந்தவருக்குக் கூலி ஏறிக்கொண்டே போகும் என்று மட்டும் சொல்லி முடித்துவிடவும் கூடாது. அந்தப் பத்து வருடத்தைக் கடப்பதற்கு வழி காட்ட வேண்டும்.

திட்டத்தில் செய்யக்கூடியவை சில. போக்குவரத்துக்கும் பகலுணவுக்கும் பணம் ஒதுக்குவது முதலாவது. இடைவிலகலுக்குப் பெரும்பாலும் பஸ் காசே காரணம். தொழிலிடப் பயிற்சிக்குக் கொடுப்பனவு தரும் முதலாளிகளையே தெரிவு செய்வது அடுத்தது. பயிற்சியை அலகுகளாகப் பிரித்து, நடுவில் விட்டுப் போக நேர்ந்த பிள்ளை முடித்த அலகுகளின் பதிவோடு பின்னர் திரும்பிவரக் கதவைத் திறந்து வைப்பது மூன்றாவது. கடைக்குப் போய்விட்ட பையனைப் பெயர்ப் பட்டியலிலிருந்து வெட்டிவிடாமல், தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது ஆசிரியர் போய்ப் பேசினால் திரும்பி வருபவர்களும் இருக்கிறார்கள்.

என்.வி.கியூ. பக்கம் போயிட்டா கெம்பஸ் கனவ மறந்துரணுமா?

மறக்க வேண்டியதில்லை. இரண்டாம் விடையில் சொன்ன 5, 6, 7ஆம் மட்டங்கள் இதற்காகவே இருக்கின்றன. 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அமைந்த, இரத்மலானையில் இயங்கும் தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், இந்த வழியில் வருபவர்களுக்குப் பட்டப்படிப்பை வழங்குகிறது. 1959இல் தொடங்கப்பட்டு இப்போது மொறட்டுவையில் இயங்கும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமும், 2016இல் கிளிநொச்சியில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் மலையக மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடங்கள். ஆனால் பாடசாலைத் திட்டம் கணிதத்தையும் மொழியையும் நடுவழியில் கைவிட்டால் இந்தப் படிகளில் ஏற முடியாது. தொழிற்கல்வி மாணவருக்குக் கணிதம் எதற்கு என்று கேட்டு நேரசூசியில் அதைக் குறைப்பவர்கள், கேட்காமலேயே பிள்ளையின் வழியை அடைத்துவிடுகிறார்கள்.

முடிச்சவங்களுக்கு வேலையே கெடைக்கலேன்னா யாரு பொறுப்பு?

திட்டத்தை வகுத்தவர்கள்தான் பொறுப்பு. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்ற கணக்கோடு அறிக்கையை முடிக்கும் வழக்கத்தை விட வேண்டும். முடித்து ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, பழகிய தொழிலிலேயே இருக்கிறாரா, என்ன சம்பளம், பயிற்சியில் எது உதவியது, எது வீண் என்று கேட்டு எழுதுங்கள். பாதிக்கு மேற்பட்டோர் வேறு வேலைக்குப் போயிருந்தால், அடுத்த வருடம் அந்த வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்காமல் நிறுத்தி, தையல் மெஷின் பற்றிய விடையில் சொன்ன விசாரிப்பை மறுபடி செய்ய வேண்டும். சிறிய நகரத்தில் வருடந்தோறும் இருபது வயரிங்காரர்களை உருவாக்கினால் மூன்றாம் வருடம் அவர்களே ஒருவருக்கொருவர் கூலியைக் குறைத்துக்கொள்வார்கள். தொழிலை மாற்றி மாற்றி நடத்துவதற்கும் துணிவு வேண்டும்.

எங்களுது சின்ன ஸ்கூல், பதினொன்னு வரைக்கும்தான் இருக்கு. நாங்க என்னா செய்ய முடியும்?

தோட்டப் பகுதிப் பாடசாலைகளில் பல இந்நிலையில்தான் உள்ளன. தனியே பட்டறை அமைக்க முயலாதீர்கள். அருகிலுள்ள மூன்று நான்கு பாடசாலைகள் சேர்ந்து, ஒரு பாடசாலையின் பட்டறையைச் சனிக்கிழமைகளில் பகிர்ந்துகொள்ள வலயக் கல்வி அலுவலகத்திடம் கேளுங்கள். ஹட்டனிலுள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களுக்கு மாணவரை நேரில் அழைத்துப் போய்க் காட்டலாம்.

உண்மையான முடிவு தரம் 9இன் இறுதியில், சாதாரண தரத் தொழில்நுட்பப் பாடத்தைத் தெரிவு செய்யும்போதே எடுக்கப்படுகிறது. அந்த வேளையில் ஆசிரியர் யார் இருக்கிறார் என்று பார்த்து எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாடத்தில் போட்டுவிடும் பாடசாலைகள் நிறைய. அதற்கு முன் ஒரு தவணை முழுவதும் தொழில் வழிகாட்டலுக்கு ஒதுக்கி, ஊரைவிட்டுப் போய்த் தொழிலில் நிலைத்த பழைய மாணவரை வரவழைத்துப் பேசவையுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் தரம் 10இலேயே சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால், பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பிக்கும் மாதத்தில் அதைத் திருத்திக்கொள்ள நேரம் போதாது.